ஐந்தரை மணி நேரம் எங்கே போயிற்று?

கடலூர் முதுநகரில் ஒரு வீடு. சுவர்க் கடிகாரத்தில் காலை மணி பத்தரை. அதற்கு நேர் கீழே மேசை மீது ஒரு மடிக்கணினி. அதில் மணி மாலை நான்கு! இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது? ஏன்? மூன்றாவது கடிகாரம் ஒன்றும் அந்த அறையில் ஒளிந்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

அதைக் கண்டுபிடித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

"எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா, மாமா?"

நான் இருப்பது சிதம்பரத்தில். என் அக்காள் வீடு கடலூர் முதுநகரில். அங்கே இருவர்: பெரியவள் முதுகலை படிக்கிறாள், சின்னவன் பதினொன்றாம் வகுப்பு. பெரியவள் பள்ளியில் படித்தபோது அரசு அவளுக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தது. அவள் கல்லூரிப் பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான். மறைந்த பாட்டியின் படங்களும் அதில் மட்டும்தான் இருந்தன.

அதில் இருந்த இயங்குதளம் விண்டோஸ் 10. கணிப்பொறியின் திரை, விசைப்பலகை, நினைவகம் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. அடுத்ததான விண்டோஸ் 11, பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. உள்ளே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்கிறது. பெரியவளின் பொறியில் அது இல்லை. ஓடுகிற பொறியைக் குப்பையில் போடுவதா?

சின்னவன் வேறு வழி பார்த்தான். நண்பன் ஒருவனிடமிருந்து பென் டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை வாங்கிவந்து, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவிவிட்டான். கெட்டிக்காரன்தான்! ஆனால் மறுநாள் இரவே தொலைபேசி மணி அடித்தது.

"மாமா, வை-ஃபை வரலை. அக்கா ஃபோல்டர் திறக்குது, ஆனா எதையும் சேமிக்க முடியலை. கடிகாரம் வேற தப்பா ஓடுது. யார் யாரோ சொன்னதெல்லாம் மாத்திப் பார்த்துட்டேன். பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போட்டுடட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாம்" என்றால் பாட்டியின் படங்களும் அல்லவா?

"தம்பி, எதையும் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை ஒரே ஒரு வேலை செய். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எது எப்போது எப்படித் தவறாக நடக்கிறது என்று பார்த்தபடி எழுதி வை. காரணம் எழுதாதே. கண்டதை மட்டும் எழுது."

ஒரு சந்திப்பு, இரண்டு பாதைகள்

ஞாயிறு காலை ரயில் ஏறினேன். கிள்ளை, வெள்ளாற்றுப் பாலம், பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டினால் கடலூர் துறைமுகச் சந்திப்பு. அங்கே பாதை பிரிகிறது. ஒன்று சிதம்பரம் பக்கம். மற்றொன்று விருத்தாசலம் பக்கம். வருகிற வண்டியை எந்தப் பாதையில் விடுவது என்பதை அங்குள்ள பாயின்ட் தீர்மானிக்கிறது.

இரண்டு இயங்குதளம் உள்ள கணிப்பொறியும் அப்படித்தான். பொத்தானை அழுத்தியதும் "கிரப்" என்ற சிறு மென்பொருள் எழுந்து, "லினக்ஸா, விண்டோஸா?" என்று கேட்கிறது. நாம் சொல்லும் பாதையில் வண்டி போகிறது. ஒரே சமயத்தில் இரண்டு பாதையிலும் போக முடியாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை பழுது பார்ப்பது அல்ல. பெரியவளின் ஃபோல்டரில் சேமிக்கத்தான் முடியவில்லை. படிக்க முடிகிறது அல்லவா? எனவே நான் கொண்டு போயிருந்த வெளி ஹார்ட் டிஸ்கில் அவள் கோப்புகள் அத்தனையையும் நகலெடுத்தோம். பாட்டியின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். சரியாக இருந்தன. நகல் எடுத்தால் போதாது. எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என் அக்காள் காப்பியே கொடுத்தாள்!

முதல் பழுது: பேசாத வை-ஃபை

சின்னவனின் நோட்டில் முதல் வரி: "வை-ஃபை பட்டியலில் ஒரு பெயரும் வரவில்லை. விண்டோஸில் வருகிறது."

இந்த இரண்டாவது வாக்கியம் பொன்னான சான்று. விண்டோஸில் வேலை செய்கிறது என்றால் கருவி பழுதில்லை. வீட்டு இணைப்பும் பழுதில்லை. பாதி சந்தேகங்கள் ஒரே வரியில் விலகிவிட்டன. மருத்துவர் நாடி பார்த்து ஒவ்வொரு நோயாக விலக்குவது போல!

அடுத்து, பொறியில் செருகப்பட்டுள்ள கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தோம். பட்டியலில் வை-ஃபை சில்லு இருந்தது. ஆக, லினக்ஸுக்கு அதைத் தெரிகிறது. ஆனால் பேச முடியவில்லை. பிறகு கெர்னல் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைத் திறந்தோம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. பொறி எழும்போது நடப்பதையெல்லாம் அது வரி வரியாக எழுதி வைக்கும். அதில் ஓரிடத்தில் தெளிவாக இருந்தது: "ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை."

ஃபர்ம்வேர் என்றால் என்ன? வை-ஃபை சில்லே ஒரு குட்டிக் கணிப்பொறி. பல சில்லுகளில் அது ஓடுவதற்கான நிரல் உள்ளே இருக்காது. ஒவ்வொரு முறையும் இயங்குதளம்தான் அதை ஊட்ட வேண்டும். சில தயாரிப்பாளர்கள் அந்த நிரலின் மூலத்தை வெளியிடுவதில்லை. அதனால் சில லினக்ஸ் தொகுப்புகள் அதைத் தங்களோடு சேர்ப்பதில்லை. டெபியன் என்ற பெரிய தொகுப்பே 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில்தான் இத்தகைய நிரல்களை நிறுவும் வட்டில் சேர்த்தது.

"சரி மாமா, அதை இணையத்திலிருந்து இறக்கணும். இணையத்துக்கு வை-ஃபை வேணும். வை-ஃபைக்கு அது வேணும்!" என்றான் சின்னவன். பூட்டிய பெட்டிக்குள் சாவி!

வழி அக்காளின் கைப்பேசியில் இருந்தது. அதை யு.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியில் இணைத்து, டெதரிங் என்ற வசதியைப் போட்டோம். கைப்பேசியின் இணையம் கம்பி வழியே வந்தது. உரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, பொறியை மறுபடி தொடங்கினோம். தெருவில் உள்ள வை-ஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

இரண்டாம் பழுது: பூட்டிய ஃபோல்டர்

சேமிக்க முடியாத ஃபோல்டர் விண்டோஸின் பகுதியில் இருந்தது. விண்டோஸில் "வேகத் தொடக்கம்" என்று ஒரு வசதி உண்டு. அது இருக்கும்போது, நாம் நிறுத்தினாலும் விண்டோஸ் முழுவதும் நிற்பதில்லை. தன் நிலையில் ஒரு பகுதியை வட்டில் எழுதிவிட்டு அரைத் தூக்கம் போடுகிறது. மறுமுறை சீக்கிரம் எழுவதற்காக.

கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தபடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதில் இரண்டு வரி எழுதிவிட்டால், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவரின் கணக்கு குழம்பிவிடும் அல்லவா? அதனால்தான் லினக்ஸ், "படிக்கலாம், எழுதக் கூடாது" என்று கையைக் கட்டிக்கொண்டது. அது பழுதே அல்ல, பாதுகாப்பு! சின்னவன் கோபத்தில் கட்டாயப்படுத்தி எழுத வைத்திருந்தால் கோப்புகள் சிதைந்திருக்கலாம்.

மருந்து எளிது. விண்டோஸுக்குப் போய் வேகத் தொடக்கத்தை நீக்கிவிட்டு, முழுமையாக நிறுத்த வேண்டும். எனவே பாயின்டை மாற்றி, விண்டோஸ் பாதையில் வண்டியை விட்டோம். அப்போதுதான் கதையே திரும்பியது.

முன்னால் ஓடியது பின்னால் போயிற்று!

சற்று முன்பு லினக்ஸில் வை-ஃபை வந்த உடனே, யாரும் தொடாமலே அதன் கடிகாரம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. "பார்த்தீங்களா மாமா, தானா சரியாயிடுச்சு!" என்று குதித்தான் சின்னவன்.

"ஏன் சரியாயிற்று?" என்று கேட்டேன். பதில் இல்லை. தானாகப் போன பழுது தானாகவே திரும்பி வரும்.

இப்போது விண்டோஸ் திறந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி 12.10. விண்டோஸில் 6.40! முன்பு லினக்ஸ் ஐந்தரை மணி முன்னால் ஓடியது. இப்போது விண்டோஸ் ஐந்தரை மணி பின்னால் நிற்கிறது.

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். பழுதான கடிகாரம் ஏழு நிமிடம் தவறும். நாற்பது நிமிடம் தவறும். இங்கே ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக ஐந்தரை மணி தவறுகிறது. தற்செயலா? ஐந்தரை என்ற எண்ணை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

ஆம்! புவியியல் பாடத்தில். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை. இந்தியத் திட்ட நேரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. 82½-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்தரை. உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான். இந்தப் பொறிக்குள் யாரோ உலக நேரத்தையும் இந்திய நேரத்தையும் குழப்புகிறார்கள்!

ஒளிந்திருந்த மூன்றாவது கடிகாரம்

பொறியை அணைத்து வைத்தாலும், மின்சாரமே இல்லாத நாளிலும், நேரம் எப்படி மறக்காமல் இருக்கிறது? தாய்ப்பலகையில் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்றே பெரும்பாலும் அதற்கு உணவு. அதன் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள்: 32,768! மின்சுற்று அதைப் பாதி, பாதி, பாதி என்று 15 முறை குறைத்தால், வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கிறது. உங்கள் கைக்கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே படிகம்தான்.

இந்தக் கடிகாரத்துக்கு ஒரு குறை. நேரத்தைச் சொல்லும், அது எந்த ஊர் நேரம் என்று சொல்லாது. லினக்ஸ் பொதுவாக, "இதில் இருப்பது உலக நேரம்" என்று எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்காக ஐந்தரை மணி கூட்டிக் காட்டுகிறது. விண்டோஸோ, "இதில் இருப்பது உள்ளூர் நேரம்" என்று அப்படியே காட்டுகிறது. இரண்டும் தவறல்ல, இரண்டு வழக்கங்கள். தனித்தனிப் பொறிகளில் இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஒரே கடிகாரத்தைப் பங்கு போட்டால்தான் சண்டை!

இனி நடந்ததைக் கோத்துப் பார்ப்போம். விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் காலை 10.30 என்று இந்திய நேரத்தை வைத்தது. லினக்ஸ் அதை உலக நேரம் என்று நினைத்து ஐந்தரையைக் கூட்டியது: மாலை 4.00. வை-ஃபை வந்ததும் லினக்ஸ் இணையத்தில் உள்ள நேர வழங்கியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டது. அதோடு நிற்காமல் தாய்ப்பலகைக் கடிகாரத்தையும் உலக நேரத்துக்குத் திருத்தியது. அடுத்து எழுந்த விண்டோஸ், அதை இந்திய நேரம் என்று நம்பியது. ஐந்தரை மணி காணாமல் போயிற்று!

அழகான விளக்கம். ஆனால் உண்மைதானா? அறிவியலில் விளக்கம் போதாது, சோதனை வேண்டும். "நம் கருத்து சரியென்றால், தாய்ப்பலகைக் கடிகாரத்தை நேரடியாகப் பார்த்தால் இப்போது என்ன நேரம் இருக்க வேண்டும்?" என்று கேட்டேன். சின்னவன் சுவரைப் பார்த்தான். மணி 12.20. நோட்டில் 6.50 என்று எழுதினான். வேகத் தொடக்கத்தை நீக்கிவிட்டுப் பொறியை நிறுத்தி, எந்த இயங்குதளமும் எழுவதற்கு முன் வரும் பயாஸ் திரையைத் திறந்தோம். 6.51! திரை திறக்க ஒரு நிமிடம் ஆகியிருந்தது. சின்னவன் போட்ட கூச்சலில் என் அக்காள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்து, "தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வை" என்று சொன்னோம். பிறகு வை-ஃபையை வேண்டுமென்றே அணைத்துவிட்டு இரண்டு பாதையிலும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். ஏன் அணைத்தோம்? இணையம் இருந்தால் அது நேரத்தைத் திருத்தி, பழுதை மறைத்துவிடும். மூன்று கடிகாரங்களும் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போயின. பெரியவளின் ஃபோல்டரிலும் இப்போது சேமிக்க முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பொறி குளிர்காலத்தில் லண்டனில் இருந்தால், அங்கே உள்ளூர் நேரமும் உலக நேரமும் ஒன்றே என்பதால், பழுது தெரிந்தே இருக்காது! பழுது தெரியவில்லை என்பதும் பழுது இல்லை என்பதும் ஒன்றல்ல.

இந்த லினக்ஸ் யாருடைய சொத்து?

அறிக்கை விடாத ஒரு பொறியில் இவ்வளவையும் கண்டுபிடித்திருக்க முடியாது. லினக்ஸ் தன் உள்ளே நடப்பதை மறைப்பதில்லை. அதற்குக் காரணம் அது பிறந்த விதம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், யாரும் படித்து, திருத்தி, பகிர்ந்துகொள்ளக்கூடிய இயங்குதளம் ஒன்றைப் படைப்பதாக அறிவித்து க்னூ திட்டத்தைத் தொடங்கினார். 1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், ஒரு கெர்னலை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்ததே இன்றைய லினக்ஸ். 2017 நவம்பர் முதல் உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் அந்தக் கெர்னல் இருக்கிறது.

நம் பக்கத்திலும் பலர் உழைத்திருக்கிறார்கள். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காக "பாஸ்" லினக்ஸை உருவாக்கியது. லினக்ஸின் திரைச் சொற்களைத் தன்னார்வலர்கள் பலர் தமிழாக்கினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து வந்த தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கிறது.

அன்று மாலை அதையும் சேர்த்தோம். சின்னவன் முதலில் அடித்த சொல் "கொடி". "க" அடித்துவிட்டு "ஒ" அடித்ததும், ஒரு கொம்பு "க"வுக்கு முன்னால் ஓடிப்போய் நிற்க, துணைக்கால் பின்னால் நிற்கிறது அல்லவா? கணிப்பொறியின் நினைவில் இருப்பது இரண்டே குறிகள்: "க" ஒன்று, ஒகரக் குறி ஒன்று. அவற்றைப் பிரித்து இருபுறமும் வைப்பது எழுத்துருவாக்கும் மென்பொருளின் வேலை. லினக்ஸில் பெரும்பாலும் அதைச் செய்வது "ஹார்ப்பஸ்" என்ற கட்டற்ற மென்பொருள். அதையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

பழுது தேடுவோருக்கு ஐந்து பாடங்கள்

1. முதலில் நகல் எடு. எடுத்த நகலைத் திறந்து பார்.
2. கண்டதை எழுது. காரணத்தைப் பிறகு யோசி.
3. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை மாற்றினால் எது மருந்து, எது நஞ்சு என்று தெரியாது.
4. பொறி சொல்லும் செய்தியைப் பொறுமையாகப் படி.
5. சரியானால் மகிழாதே, ஏன் சரியாயிற்று என்று கேள்.

இந்த ஐந்தும் கணிப்பொறிக்கு மட்டும்தானா? ஓடாத மிதிவண்டிக்கும், முளைக்காத விதைக்கும், வராத விடைக்கும் இவையே பாடம்.

நீங்களே சொல்லுங்கள்

சின்னவனின் மடிக்கணினியைச் சரிசெய்வதற்கு முன் காத்மாண்டுவுக்குக் கொண்டுபோய், நேபாள நேரத்துக்கு மாற்றியிருந்தால் பிழை எத்தனை மணி நேரம் இருந்திருக்கும்? சிங்கப்பூரில்? கொழும்பில்? ஒவ்வோர் ஊரின் திட்ட நேரத்தையும் கண்டறிந்து கணக்கிடுங்கள்.

இன்னொரு கணக்கு. கடலூர் ஏறத்தாழ கிழக்கு 79¾ பாகையில் இருக்கிறது. திட்ட நேரக் கோடு 82½ பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம். அப்படியானால் கடலூரில் சூரியன் உச்சிக்கு வருவது, திட்ட நேரக் கோட்டில் உள்ள ஊரைவிட எத்தனை நிமிடம் தாமதம்? விடை 11 என்று வந்தால் நீங்களும் கெட்டிக்காரர்தான்.

மாலை வண்டிக்கு நான் கிளம்பியபோது சின்னவன் மறுபடி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். பாட்டியின் படங்கள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் அடித்துச் சேமித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்த நோட்டு திறந்திருந்தது. புதிதாக ஒரு வரி எழுதியிருந்தான்: "கடிகாரம் கெடவில்லை. ஒரே கடிகாரத்தை இருவர் இரண்டு விதமாகப் படித்தார்கள்."